லிம்பர்க்கில் இல்லாத லிம்பர்க்

நெதர்லாந்தின் தென்கோடியில் லிம்பர்க் என்றொரு மாகாணம். எல்லையைத் தாண்டினால் பெல்ஜியத்திலும் ஒரு லிம்பர்க் மாகாணம். இரண்டுக்கும் பெயர் கொடுத்த லிம்பர்க் ஊர் இரண்டிலுமே இல்லை. அது பெல்ஜியத்தின் லியேஜ் மாகாணத்தில் இருக்கிறது. லிம்பர்க் என்ற பழைய சிற்றரசின் பெயர் மறைந்துபோகக் கூடாது என்று நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியம் 1815-இல் புது மாகாணத்துக்கு அதைச் சூட்டினார். 1839-இல் அந்த மாகாணமே இரண்டாக உடைந்தது, பெயர் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டது.

நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணமும் அப்படித்தான். பெயருக்கு மூலமான கெல்டர்ன் ஊர் 1713-இல் பிரஷ்யாவுக்குப் போனது, இன்று ஜெர்மனியில் இருக்கிறது. அந்தப் பெயர் நம் கரைக்கும் வந்திருக்கிறது: பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை, கெல்டர்லாந்தின் பெயரைத்தான் தாங்குகிறது.

இப்படி இடம்பெயர்ந்த பெயர்களில் பெரியது, நெதர்லாந்து முழுவதையும் குறிக்கப் பலர் சொல்லும் ஹாலந்து. மொத்தம் 12 மாகாணங்களில் வடக்கு ஹாலந்து, தெற்கு ஹாலந்து என்ற இரண்டு மட்டுமே ஹாலந்து. 1840 வரை அவை ஒரே மாகாணம். ‘ஹோல்ட்’ என்றால் மரம், காடு. ஹோல்ட்லாந்து என்ற காட்டு நாடுதான் தேய்ந்து ஹாலந்து ஆனது. பள்ளமான நாடு என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. ‘ஹோல்’ என்றால் குழிவு என்பதாலும், நாட்டின் ஒரு பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பதாலும் அது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் தாழ்வு என்ற பொருள் இருப்பது நெதர்லாந்தின் ‘நெதர்’ பகுதியில்தான்.

ஒரு மாகாணத்தின் பெயர் எப்படி நாட்டின் பெயரானது? பணமும் கப்பலும் அங்கே இருந்தன. 1579-இன் உட்ரெக்ட் உடன்பாட்டிலிருந்து வளர்ந்த ஏழு மாகாணக் குடியரசில், பொதுச் செலவில் ஏறக்குறைய 58 சதவீதம் ஹாலந்தின் பங்கு. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள்: ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவுசன், மிடில்பர்க். கடைசி ஒன்று மட்டும் ஸேலாந்து மாகாணம், மற்ற ஐந்தும் ஹாலந்து. துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் பெரும்பாலும் ஹாலந்துக் கப்பலில் வந்தவர்கள். உலகம் கண்டது அவர்களைத்தான். தமிழில் ஒல்லாந்தர் என்ற சொல் வந்ததும் அந்த வழியில்தான். யாழ்ப்பாணத் தீவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள்: நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணை லைடன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க். நான்கில் மூன்று ஹாலந்து ஊர்கள்.

ஆனால் ‘ஹாலந்து’ அதிகாரபூர்வ நாட்டுப் பெயராக இருந்தது நான்கே ஆண்டுகள்தான்: 1806 முதல் 1810 வரை, நெப்போலியனின் தம்பி லூயி மன்னராக இருந்தபோது. அந்தப் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள்தான் உட்கார வைத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

தெற்கே உள்ள லிம்பர்க், ‘வடக்கு பிரபாந்து’ மாகாணங்களில் ஒருவரை ஹாலந்துக்காரர் என்று அழைத்தால் முகம் சுருங்கும். அங்கே ‘ஹாலந்தர்’ என்பது நாட்டின் குறுக்கே ஓடும் ஆறுகளுக்கு மேலே, வடக்கே இருப்பவர்களைக் கொஞ்சம் கிண்டலாகச் சொல்லும் சொல். காரணம் பழையது. குடியரசுக் காலத்தில் பிரபாந்தும் லிம்பர்க்கின் சில பகுதிகளும் நடுவண் சபை நேரடியாக ஆண்ட நிலங்கள். வரி கொடுக்க வேண்டும், சபையில் ஓட்டு கிடையாது. மதமும் வேறு, அங்கே கத்தோலிக்கர்கள். பேச்சிலும் காது உடனே பிடித்துக்கொள்ளும்: வடக்கே ஜி எழுத்தைத் தொண்டையில் காறுவதுபோல் ஒலிப்பார்கள், தெற்கே மெத்தென்று உரசவிடுவார்கள். கால்பந்து மட்டும் விதிவிலக்கு. ஆரஞ்சுச் சட்டை போட்டுவிட்டால் தெற்கத்தியரும் கூச்சமில்லாமல் ‘ஹுப் ஹாலந்து’ என்று கத்துவார்கள்.

ஃபிரீஸ்லாந்தில் விஷயம் இன்னும் கறார். அங்கே ஃபிரீசிய மொழிக்கு அரசு அங்கீகாரம் உண்டு. 1997 முதல் மாகாணத்தின் அதிகாரபூர்வப் பெயரே ஃபிரீசிய மொழியில் ‘ஃபிரீஸ்லான்’. கொடியில் தெரியும் ஏழு சிவப்பு ‘இதயங்கள்’ இதயங்கள் அல்ல, அல்லி இலைகள். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு: ‘மேற்கு ஃபிரீஸ்லாந்து’ என்ற வட்டாரம் ஃபிரீஸ்லாந்தில் இல்லை, வடக்கு ஹாலந்தில் இருக்கிறது. மொழியியலார் ‘மேற்கு ஃபிரீசியம்’ என்று எழுதினால் அது ஃபிரீஸ்லாந்தின் மொழி. வடக்கு ஹாலந்தின் அந்த வட்டாரத்தில், ஹோர்ன் பக்கத்து ஆள் அதே சொல்லைச் சொன்னால் தன் ஊர் டச்சு வட்டார வழக்கைச் சொல்கிறார். கிழக்கு ஃபிரீஸ்லாந்தோ ஜெர்மனியில்.

‘டச்சு’ இன்னொரு குழப்பம். ‘மக்களுடைய மொழி’ என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்துதான் டச்சும் வந்தது, ஜெர்மன்காரர்களின் ‘டாய்ச்’சும் வந்தது. ஆங்கிலேயர் முதலில் இருவரையும் டச்சு என்றார்கள். பிறகு கடலுக்கு அப்பால் தங்களோடு போட்டி போட்டவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் ‘பென்சில்வேனியா டச்சு’க்காரர்கள் ஜெர்மன் வழியினர் என்பது அந்தப் பழைய பொருளின் மிச்சம். நெதர்லாந்தில் தங்கள் மொழியை ‘நேடர்லாண்ட்ஸ்’ என்பார்கள்.

எழுதும்போது நாடு என்றால் நெதர்லாந்து என்று எழுதுங்கள். அவர்கள் சொல்லும் ‘நேடர்லாந்து’ ஒருமை. பன்மையான ‘நேடர்லாண்டன்’ முடியரசின் பெயரில் வரும். அருபா, குராசவ், சின்ட் மார்ட்டன் ஆகியவையும் அதே முடியரசுக்குள் இருக்கும் நாடுகள். 2020-இல் அரசும் தன் விளம்பரங்களிலிருந்து ‘ஹாலந்து’ என்பதைக் கைவிட்டது.

பயணத்தில் ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். எல்லோரும் டென் போஸ் என்று சொல்லும் நகரத்தின் ரயில் நிலையப் பலகையில் ‘ஸ்ஹெர்டோகன்போஸ்’ என்று முழுநீளமாக இருக்கும், பொருள் கோமகனின் காடு. ஹேக் நகரிலோ நேர்மாறு: நிலையத்தில் பேச்சுப்பெயர் ‘டென் ஹாக்’, ஆவணங்களில் ‘ஸ்ஹ்ராவன்ஹாக’. ஹெங்கலோ இரண்டு உண்டு, ஒன்று ஓவரைசலில், மற்றது கெல்டர்லாந்தில். முகவரியில் மாகாணத்தின் சுருக்கத்தைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தால் ஓவரைசல் ஹெங்கலோவில் போய் இறங்குவீர்கள். கெல்டர்லாந்து ஹெங்கலோவுக்கு ரயிலே கிடையாது.