ஹீட்டரில் குளிர்காற்று: ஊட்டியில் மூன்று ஞாயிறு வேலை

போன வருடம் கோவையில் வாங்கிய பழைய சின்னக் கார். ஊட்டியில் அதற்கு இதுதான் முதல் பனிக்காலம். டிசம்பரில் காலை ஆறரைக்குக் கிளம்பினால் புல்லெல்லாம் உறைபனி. உள்ளே நாலு பேர் மூச்சுவிட்டதும் முன்கண்ணாடி மங்கிவிடும். ஹீட்டரைப் போட்டால் ப்ளோயர் நன்றாகவே ஊதியது, காற்றுதான் சில்லென்று வந்தது. சாலை தெரியாமல் வளைவில் திரும்புவது பயமாக இருந்தது.

மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன். "டேஷ்போர்டை மொத்தமா இறக்கணுங்கண்ணா, ரெண்டு நாள் ஆகும்" என்றார். அதற்கு முன் நானே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் ஞாயிறு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன் (சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது, கொதிநீர் பீறிடும்). உள்ளே தண்ணீரின் அளவு சரியாக இருந்தது. நிறம்தான் துருப்பிடித்த பழுப்பு. யாரோ வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். அப்புறம் ஓட்டிப் பார்த்தேன். வெப்ப முள் பத்து நிமிடத்தில் நடுவுக்கு வந்து நின்றது. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்தபடி சிக்கியிருந்தால் இந்தக் குளிரில் முள் கீழேயே கிடந்திருக்கும். அதனால் தெர்மோஸ்டாட்டைத் தொடவில்லை.

இரண்டாவது ஞாயிறுதான் விஷயம் பிடிபட்டது. இன்ஜினிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோருக்கு இரண்டு ரப்பர் ஹோஸ் போகும். இன்ஜினின் சுடுநீர் ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பும். கோர் என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ரேடியேட்டர், அவ்வளவுதான். அதன் வழியாக ஊதும் காற்றுதான் சூடாகும். இன்ஜின் நன்றாகச் சூடானதும், ஃபேனில் கைபடாமல் இரண்டையும் தொட்டேன். ஒன்றை இரண்டு விநாடிகூடப் பிடிக்க முடியவில்லை. இன்னொன்று மார்கழித் திண்ணை மாதிரி ஜில்லென்று இருந்தது. இரண்டும் சூடாக இருந்திருந்தால் காற்றைத் திருப்பும் கதவில் கோளாறு என்று எடுத்திருப்பேன். இரண்டும் ஆறியிருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு, இல்லையென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கும். ஒன்று மட்டும் சூடு என்றால் நடுவில் அடைப்பு.

என் காரில் ஹீட்டர் திருகைக் குளிர் பக்கம் வைத்தால், கோருக்குப் போகும் ஹோஸில் ஒரு வால்வு மூடிக்கொள்ளும். அதன் நெம்புகோல் முழுக்க நகர்ந்தது, நுழையும் ஹோஸும் வால்வைத் தாண்டிச் சுட்டது. அப்படியானால் அடைப்பு கோரில்தான். கோவையில் யார் ஹீட்டர் போடப் போகிறார்கள்? பல வருடம் ஒரே தண்ணீர் உள்ளே தேங்கி, துரு படிந்திருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு, ஆறிய வண்டியில் இரண்டு ஹோஸையும் கழற்றினேன். தோட்டத்துக் குழாயை வெளியேறும் பக்கம் வைத்து, மெதுவான அழுத்தத்தில் தலைகீழாகத் தண்ணீர் விட்டேன். அழுத்தம் கூடினால் பழைய கோர் ஓட்டையாகிவிடும். முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு டிகாஷன் நிறத்தில், அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டியது போலத் துருத் துணுக்குகள். இருபது நிமிடத்தில் தெளிந்தது. வடிந்ததையெல்லாம் தட்டில் பிடித்து மூடி வைத்தேன். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றி, வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து காற்றை வெளியேற்றினேன். 2,240 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் அளவுக்குச் சூடாகும்வரை காத்திராமல், குமிழி நின்றதும் மூடிவிட்டேன்.

சமையலறைத் தெர்மாமீட்டரைக் காற்று வரும் வாயில் வைத்தேன். முன்பு 14 டிகிரி, இப்போது 51. மறுநாள் காலை முன்கண்ணாடி மூன்று நிமிடத்தில் தெளிந்தது. இன்ஜின் பக்கம் இன்னும் கழுவவில்லை, பழைய துரு மிச்சம் இருக்கும். இரண்டு வாரம் ஓட்டிவிட்டுக் கூலன்ட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.