கனோலாப் புண்ணாக்கும் நம் மாட்டுத் தீவனமும்

நுவரெலியா, அட்டன் பக்கத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடுகளை வளர்ப்பவர்கள், சரிவில் அறுத்துவரும் குவாத்தமாலாப் புல்லோடு, வாளியில் ஊறவைத்துக் கரைத்த தேங்காய்ப் புண்ணாக்கையும் கொடுத்தே பால் கறக்கிறார்கள். அதில் புரதம் ஏறக்குறைய 20 சதவீதம்தான். கனோலா விதையில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கிலோ 36 சதவீதம் வரை உண்டு. சோயாவில் அதைவிடக் கூடுதல் என்றாலும், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் மெத்தியோனின் அளவில் கனோலாப் புரதம் முந்துகிறது; லைசீன் அளவில் பின்தங்குகிறது.

கனோலா கடுகுக் குடும்பத்துச் செடி என்பதால், கடுகின் காரத்துக்குக் காரணமான குளுகோசினோலேட்டுகள் இதிலும் உள்ளன. அவை சிதைந்து உண்டாகும் பொருட்கள் தீவனத்தின் சுவையைக் கெடுப்பதோடு கால்நடைகளின் தைராய்டுச் சுரப்பியையும் பாதிக்கும் என்பதால், பழைய ரகங்களின் புண்ணாக்கைச் சிறிதளவே கலக்க முடிந்தது. 1974இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் பால்டுர் ஸ்டெஃபான்சன் உருவாக்கி வெளியிட்ட 'டவர்' ரகம், எண்ணெயிலுள்ள எருசிக் அமிலம் என்ற விரும்பத்தகாத கொழுப்பமிலத்தையும் புண்ணாக்கிலுள்ள குளுகோசினோலேட்டையும் ஒருசேரக் குறைத்தது.

கோழி வளர்ப்போர் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: இந்தப் புண்ணாக்கிலுள்ள சினாபின் என்னும் இயற்கைச் சேர்மம், பழுப்பு முட்டையிடும் சில கோழிகளின் முட்டையில் மீன் வாடையை ஏற்றிவிடும்.

மனித உணவுக்கென இதிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அனுமதித்தது. கடுகு ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை பொதியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நமக்கோ கனோலாப் புண்ணாக்கு கப்பலில் வரவேண்டிய சரக்கு. ஆகவே மூட்டை விலையைப் பார்க்காமல், ஒரு கிலோ புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று கணக்கிட்டே வாங்குவது நல்லது.