கூரைக்குள் ஓடும் குதிரை: குறைந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது

கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும் ரைடிங் அரங்கம் கேமராவுக்கு ஏறக்குறைய இருட்டுதான். எஃப் 2.8 லென்ஸ் (இந்த எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும்), 1/500 நொடி ஷட்டர், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400. பல உள்ளரங்குகளில் இதற்குத்தான் வெளிச்சம் கட்டுப்படியாகும். எஃப் 5.6 வரை மட்டுமே திறக்கும் ஜூம் லென்ஸ் என்றால் அதே இடத்தில் ஐஎஸ்ஓ 25600 வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் பெரிய லென்ஸ் வாங்கத்தான் தோன்றும். லென்ஸ் உதவும், சந்தேகமில்லை. ஆனால் எங்கே நிற்பது, எந்தக் கணத்தில் அமுக்குவது என்று தெரிந்தாலே ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) வரை மிச்சம் பிடிக்கலாம்.

கேன்டரில் (மிதமான பாய்ச்சலில்) போகும் குதிரை நொடிக்குச் சுமார் 6 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/500 நொடிக்குள் அதன் உடல் 12 மி.மீ. நகர்ந்துவிடும். காற்றில் முன்னே வீசும் குளம்பு உடலைவிட வேகமாகப் போகிறது. அது இன்னும் அதிகமாகக் கலங்கும். கண்ணும் முகமும் கூர்மையாக இருந்து குளம்பு மட்டும் லேசாகக் கலங்கினால் படம் கெட்டுப்போகாது.

பக்கவாட்டில் கடக்கும் குதிரைக்குத்தான் இந்த வேகம் தேவை. நம்மை நோக்கி வரும் குதிரை ஃபிரேமுக்குள் அதிகம் நகர்வதில்லை, 1/320 கூடப் போதும். மூலை திரும்பி நேர்க்கோட்டுக்கு வரும் இடம் இதற்குத் தோதானது. திருப்பத்தில் வேகமும் கொஞ்சம் குறைந்திருக்கும். தாண்டலில், எழும்பும் கணத்தைப் பக்கத்திலிருந்து எடுக்க 1/1000 வேண்டும். உச்சியில் மேலே போகும் வேகம் தீர்ந்துபோயிருக்கும். முன்பக்கம் சாய்வாக நின்று அதை எடுத்தால் 1/500 போதும். சாதாரண நடைக்கு 1/200.

டிராட்டில், அதாவது நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில், ஒரு நுணுக்கம் உண்டு. ரைடர் எழுந்து உட்கார்ந்து ஓட்டும்போது, சுவரை ஒட்டிய வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகையில் எழுவார், உட்பக்க முன்னங்கால் முன்னே நீள்கையில் சேணத்தில் அமர்வார். ஆகவே அரங்கத்துக்கு உள்ளே நின்றால், நம் பக்கத்துக் கால் முழுதாக நீளும் கணத்தில் ரைடரும் அமர்ந்திருப்பார். குதிரையின் கால், ரைடரின் இருக்கை இரண்டும் அழகாக அமையும் கணம் அது. தடுப்புக்கு வெளியே நின்றால் இது தலைகீழாகிவிடும். இந்தத் தாளத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டு மூன்று ஃபிரேம் எடுப்பது, கண்மூடித்தனமாக முப்பது ஃபிரேம் தள்ளுவதைவிட எவ்வளவோ மேல்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். குதிரை மிரண்டால் அடிபடுவது ரைடர். ஃபோகஸுக்காகக் கேமரா தானாக அடிக்கும் சின்ன விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள்; பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த தொல்லை விளக்குகளின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. 60 ஹெர்ட்ஸில் 120 முறை. 1/500-இல் எடுக்கும்போது ஒரு ஃபிரேம் பிரகாசத்தில் விழும், அடுத்தது மங்கலில் விழும், நிறமும் மாறும். கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் (இந்தத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் போடுங்கள். பிரகாசமான கணத்துக்காகக் காத்திருந்து திறப்பதால் தொடர்படத்தின் வேகம் சற்றுக் குறையும், பரவாயில்லை. திரை அசையாமல் சென்சாரே படம் பிடிக்கும் எலக்ட்ரானிக் ஷட்டர் பெரும்பாலான கேமராக்களில் இங்கே ஆகாது. சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் படத்தில் பட்டைகள் விழும், தாண்டல் கம்பங்களின் தூண்கள்கூடச் சாய்ந்து தெரியும்.

எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை) நாமே அமைக்கும் மேனுவலில் வையுங்கள். தானியங்கியில் விட்டால், கருங்குதிரையைப் பார்த்ததும் கேமராவின் ஒளி மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளைக் குதிரைக்குக் குறைக்கும், பின்னால் திறந்த கதவு வந்தால் இருட்டாக்கிவிடும். ஆரம்பிக்கும் முன் அரங்கத்தைச் சுற்றி நான்கைந்து இடத்தில் சோதனைப் படம் எடுங்கள். விளக்குக்கு நேர் கீழும் இரண்டு விளக்குக்கு இடையிலும் ஒரு ஸ்டாப் வித்தியாசம் இருக்கலாம். பிரகாசமான இடத்தைத் தேர்ந்து, குதிரை அங்கே வரும்வரை காத்திருங்கள். கதவோ ஜன்னலோ உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்து, பிறகு கணினியில் தூக்குவது பெரிய தவறு. ஜேபெக்கில் எடுத்திருந்தால் பழுப்பு, கருப்புக் குதிரைகளின் வயிற்றடியும் கால்களும் கறையாகிவிடும். ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்) எடுத்தாலும் நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கரகரப்பு, குறையப்போவதில்லை. சரியாக வெளிச்சம் விழுந்த ஐஎஸ்ஓ 8000 படத்தைத் தாராளமாக அச்சிடலாம்.

ஃபோகஸுக்கும் கணக்கு உண்டு. ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரில்) 200 மி.மீ., எஃப் 2.8, 15 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நேராக வரும் குதிரையின் மூக்குக்கும் ரைடரின் முகத்துக்கும் இடையே அதைவிட அதிக தூரம் இருக்கும். இரண்டையும் பிடிக்க முடியாது, ஒன்றைத் தேர்ந்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது குதிரையின் கண். இருட்டில் கேமரா கண்ணைத் தவறவிட்டால், கடிவாள வார் கன்னத்தில் பதியும் இடத்தில் புள்ளியை வையுங்கள். தோலைவிட அங்கே கான்ட்ராஸ்ட் அதிகம். குதிரை நகர நகரப் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் கட்டாயம். சுவரில் பெரிய கண்ணாடி இருந்தால் ஃபோகஸ் பிம்பத்துக்குத் தாவும், அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

மணல் தூசி பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். முழங்காலிட்டு, லென்ஸைக் குதிரையின் தோள் உயரத்துக்குக் கீழே வைத்தால் கால்கள் குட்டையாகத் தெரியாது. 85 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸோடு கிட்டே போனால் தலை பெரிதாக வீங்கும்.

வெளிச்சம் அறவே போதாதபோது பேனிங் செய்யலாம், அதாவது குதிரையோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்கலாம். 50 ஹெர்ட்ஸ் விளக்கில் ஷட்டரை 1/100-இல் வைத்தால் ஒரு முழுத் துடிப்பும் ஃபிரேமுக்குள் அடங்கிவிடும், வெளிச்சமும் 1/500-ஐவிட இரண்டு ஸ்டாப்புக்கு மேல் கூடும். பக்கவாட்டில் போகும் குதிரையின் கழுத்தோடு கேமராவை இடுப்பிலிருந்து திருப்புங்கள், அமுக்கிய பிறகும் நிறுத்தாதீர்கள். ஸ்டெபிலைசரில் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியில்) பேனிங்குக்கான முறை இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். பத்தில் ஒன்றிரண்டுதான் தேறும். அவற்றில் ரைடரின் முகம் அசையாமல் நிற்க, பிடரியும் கால்களும் சுவரும் ஓடிக்கொண்டிருக்கும்.