லாக்ஸ்டன்: வேலி போடாத மூன்று வயல்கள்

இங்கிலாந்தில் பெரும்பாலான ஊர்கள் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொது வயல்களைக் கூறுபோட்டு வேலி அடைத்துவிட்டன. நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் மட்டும் பெரிய அளவில் தப்பியது. ஊரின் நிலம் இரண்டு பெரிய பிரபுக் குடும்பங்களிடம் பிரிந்து கிடந்ததால், யாருக்கு எது என்று ஒத்துவரவில்லை. வேலி அடைக்கும் வேலை பாதியில் நின்றது. பழமையைக் காக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் பிற்பாடு வந்ததுதான்.

மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகால விதைப்பு, மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் முறை மாறும். இப்போது தரிசில் பெரும்பாலும் தீவனப் புல் வளர்க்கிறார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்று வயல்களிலும் நீளநீளமான பட்டை நிலங்கள் உண்டு. 1635இல் மார்க் பியர்ஸ் அளந்து வரைந்த வரைபடத்தில் இந்தப் பட்டைகள் தனித்தனியே தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை இணைத்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். நிலம் வெளியே இருப்பதால் பண்ணை வீடுகள் ஊருக்குள்ளேயே, தெருவை ஒட்டி நிற்கின்றன.

வரப்பும் இல்லை, வேலியும் இல்லை. அப்படியானால் எல்லை? மூலையில் அடித்த முளைக்குச்சியும், உழவின் கடைசிச் சாலும்தான். சிக்கலும் அங்கேதான். கொழு கொஞ்சம் விலகினாலே பக்கத்துக்காரர் நிலத்தில் ஒரு சால் போய்விடும். யாரும் கேட்காவிட்டால் அடுத்த ஆண்டு இன்னொரு சால். வண்டிப்பாதையும், உழாமல் விட்ட 'சைக்' என்னும் ஈரப் புல்தரைகளும் இப்படித்தான் ஒடுங்கும். டிராக்டர் வந்தபின் தவறுவது இன்னும் சுலபம். திருப்பும் இடத்தில் கவனம் தப்பினால் போதும்.

இதைப் பிடிக்கத்தான் ஜூரி நாள். நவம்பர் கடைசி வாக்கில், அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலை மட்டும் பார்ப்பார்கள். முளைத்த பயிர் எங்கே முடிகிறது என்பது அப்போது பச்சையாகக் கோடு போட்டதுபோல் தெரியும். முன்னே போனாலும் பின்னே போனாலும் இவ்வளவு துல்லியம் கிடைக்காது. பன்னிரண்டு ஜூரிகள், அவர்களுக்கு ஒரு தலைவர். காணாமல் போன குச்சிகளுக்குப் புதிது அடிப்பார்கள், யார் பாதைக்குள் உழுதிருக்கிறார் என்று குறித்துக்கொள்வார்கள். ஜூரிகளே விவசாயிகள் என்பதால் சாக்குப்போக்கு எடுபடாது.

ஒரு வாரம் கழித்து டவ்கோட் இன் மதுக்கடையில் 'கோர்ட் லீட்' என்னும் பழைய ஊர் நீதிமன்றம் கூடும். அபராதம் சின்னத் தொகைதான். ஆனால் பெயரை ஊரார் முன்னால் வாசிப்பதே உறைக்கும். அடுத்த ஆண்டுக்கான ஜூரியையும் அங்கேயே நியமிப்பார்கள்.

1952இல் வேளாண் அமைச்சகம் முன்பு சொன்ன இரண்டு குடும்பங்களில் ஒன்றான மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து கிராமத்தை வாங்கியது. 1981இல் அரச நிலங்களை நிர்வகிக்கும் அமைப்பான கிரவுன் எஸ்டேட் கைக்குப் போனது. 2020இல் மேன்வர்ஸ் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது. உரிமையாளர் மாறினாலும் ஜூரி நிற்கவில்லை. சைக்குகளின் புல்லை இன்றும் ஆண்டுதோறும் கோடையில் ஏலம் விடுகிறார்கள். போய்ப் பார்ப்பவர்கள் மதுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு காட்சியகத்தில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போவது நல்லது. இல்லாவிட்டால் எங்கே பார்த்தாலும் ஒரே வயலாகத்தான் தெரியும்.