எழுதும் கையும் திருத்தும் கையும்

எண்பதுகளில் நம் கல்லூரித் தமிழ் மன்றம் தவணைக்கு ஒன்றாக, ரோணியோ என்ற படிப்பெருக்கி இயந்திரத்தில் அடித்து வெளியிட்ட சஞ்சிகையை இந்த மலரைப் படிக்கிற பலர் கையில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். விரலில் மை ஒட்டும். பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாய்த் தெரியும். அதில் யார் என்ன எழுதினார்கள் என்று ஒன்றுகூடல்களில் நிறையப் பேசியிருக்கிறோம். அது எப்படித் தயாரானது என்று பேசியதில்லை. ஆசிரியத் தொழிலில் இருபது, முப்பது வருடம் போனபிறகு மறுபடி கதையோ கவிதையோ எழுத நினைக்கும் நம்மவர்கள் இங்கே லண்டனிலும் ஊரிலும் பலர். அவர்களுக்கு அந்தத் தயாரிப்பு முறை இன்றைக்கும் கைகொடுக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தச் சஞ்சிகைக்கு மூன்று கை வேண்டும். கதை எழுதுகிறவர் புல்ஸ்காப் தாளில் ஒரு பக்கம் மட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதிக் கொடுப்பார். மன்றப் பொறுப்பாசிரியரும் மேல்வகுப்பு மாணவர் இரண்டு பேரும் அந்த இடைவரியில் பென்சிலால் திருத்துவார்கள். பேனையால் திருத்தக் கூடாது, எழுதியவர் மறுத்தால் அழிக்க வேண்டுமே. மூன்றாவதாக, எழுத்து உருண்டையாக வரும் ஒருவர் அதை ஸ்டென்சிலில் வெட்டுவார். வெட்டுகிறவருக்கு ஒரு சொல்லைக்கூட மாற்ற உரிமையில்லை.

ஸ்டென்சில் என்பது மெழுகு பூசிய மெல்லிய தாள். கீழே கெட்டியான தகடு வைத்து, கூர்மழுங்கிய ஸ்டைலஸால் அழுத்தி எழுதினால் எழுதிய இடத்தில் மெழுகு விலகும், அந்த வழியாக மை இறங்கும். அழுத்தம் குறைந்தால் எழுத்து மங்கும். கூடினால் தாள் கிழியும். தமிழில் வெட்டுவதற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ண, ன, ழ, ஞ எல்லாம் சுழி உள்ள எழுத்துகள். சுழியை முழுதாக மூடி அழுத்தினால் நடுவில் உள்ள துண்டு கழன்று விழுந்துவிடும், அச்சில் அந்த இடம் கறுத்த பொட்டாக வரும். ஆகவே கைதேர்ந்தவர்கள் சுழியை முட்டவிடாமல் மயிரிழை இடைவெளி விட்டு வெட்டினார்கள். பிழை வந்தால் நகப்பூச்சு மணக்கும் திரவத்தைத் தடவி, நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் திரும்ப எழுதவேண்டும். காயமுன் எழுதினால் ஓட்டைதான். ஒரு பக்கத்தில் பத்துப் பிழை திருத்தினால் அந்த ஸ்டென்சில் நூறு பிரதி தாங்காது. அதனால்தான் திருத்தமெல்லாம் பென்சில் கட்டத்திலேயே முடிந்திருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

எழுதுவது, திருத்துவது, படியெடுப்பது என்று மூன்று வேலை, மூன்று நாள், மூன்று ஆள். வளர்ந்து ஆசிரியராகிவிட்ட ஒருவர் திரும்ப எழுத உட்காரும்போது இந்த மூன்றும் ஒரே கதிரையில், ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அங்கேதான் எழுத்து நின்றுபோகிறது.

நேரமில்லை என்று சொல்வார்கள். அது பொய்யல்ல. முப்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பின் கட்டுரைக் கொப்பிகளைக் கொப்பிக்கு ஐந்து நிமிடம் என்று திருத்தினாலே இரண்டரை மணித்தியாலம். அப்படி நாலைந்து வகுப்பு. ஆனால் விடுமுறையில் நேரம் கிடைத்தும் எழுத முடியாமல் போகிறதே, அதற்கு நேரக்குறை காரணமாக முடியாது. நாள் முழுக்கப் பிழை தேடிப் பழகிய கண் தன் முதல் வாக்கியத்திலேயே பிழையைக் கண்டுபிடித்துவிடுகிறது. அதை வெட்டி இரண்டாவது எழுதினால் அதிலும் ஒன்று. அரை மணி கழித்துத் தாளில் மிஞ்சுவது தலைப்பு மட்டும்.

ஆகவே மூன்று கையையும் பழையபடி பிரிக்க வேண்டும். ஆட்களாகப் பிரிக்க முடியாததால் காலத்தால் பிரிக்க வேண்டும். இதற்கு ஆசிரியரின் ஆண்டு நன்றாகவே இசைந்து கொடுக்கும்.

இங்கிலாந்தில் முழுநேர ஆசிரியருக்கான தேசிய விதிகளின்படி ஆண்டுக்கு 195 வேலைநாள். அதில் 190 நாள் பிள்ளைகளோடு, 5 நாள் பயிற்சிக்கு. அதிபர் சொல்லும் வேலைக்கான மணிக்கணக்கு 1,265. திருத்தலும் ஆயத்தமும் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் விழும். பாடவேளையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு ஆயத்தத்துக்கும் திருத்தலுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரத்தைக் கதைக்குத் திருடாதீர்கள். திருடினால் கொப்பிகள் வீட்டுக்கு வரும், வீட்டு இரவும் போய்விடும். மூன்று தவணை, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வார விடுமுறை, கோடையில் ஏறக்குறைய ஆறு வாரம். மே, யூனில் 11ஆம் ஆண்டுப் பிள்ளைகள் பரீட்சை எழுதிப் போனபிறகு, அவர்களுக்குப் படிப்பித்தவர்களின் அட்டவணையில் சில பாடவேளைகள் காலியாகும். பள்ளி வேறு வேலை தரும் என்றாலும் திருத்தல் சுமை இறங்கிவிடும். யூலை மாதம் ஆசிரியருக்கு எழுத உகந்த மாதம், பலர் அதை ஓய்வு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

தவணை நாட்களில் எழுதும் கைக்கு மட்டும் இடம் கொடுங்கள். பாடசாலைக்குப் போகமுன், காலையில் இருபத்தைந்து நிமிடம். பின்னேரம் சரிவராது. ஆறு பாடவேளை வாய் ஓயாமல் விளக்கிவிட்டு வந்தவருக்கு விளக்கும் வாக்கியம்தான் வரும். மணிக்கூட்டைப் பார்த்துத் தொடங்கி, மணிக்கூட்டைப் பார்த்தே நிறுத்த வேண்டும். நிறுத்துமுன் அடுத்த நாள் முதல் வாக்கியத்தின் பாதியை எழுதி வைத்துவிட்டு எழும்புங்கள். மறுநாள் வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வராது. வாரத்தில் நாலு காலை போதும். ஒரு காலைக்கு 100 சொல் என்றால் 39 பாடசாலை வாரத்தில் 15,600 சொல். 2,500 சொல் அளவான சிறுகதை ஆறுக்கு அது போதும். ஆண்டுக்கு ஆறு கதை என்பது முழுநேர எழுத்தாளருக்கே மரியாதையான கணக்கு.

தொடக்கத்திலேயே கதையில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நீண்ட காலம் விட்டவர்கள் முதல் நாலு வாரம் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில், நாளுக்கு மூன்று வரி மட்டும், அன்று கேட்டதையும் கண்டதையும் குறித்து வரவேண்டும். கருத்து எழுதக் கூடாது. 'பஸ்ஸில் ஒரு முதியவர் சோகமாக இருந்தார்' என்பது கருத்து. 'முதியவர் இறங்கவேண்டிய தரிப்பு வந்தும் மணியை அடிக்கவில்லை, கையில் மருந்துப் பை' என்பது குறிப்பு. நாலு வாரத்தில் எண்பது வரியைத் தாண்டிச் சேரும். அதில் இரண்டு மூன்று வரி உங்களை விடாமல் இழுக்கும், அங்கேயிருந்து தொடங்குங்கள். பேனையால் எழுதுகிறவர்கள் நீலமோ கறுப்போ வைத்துக்கொள்ளட்டும். சிவப்புப் பேனை அந்த மேசையில் இருக்கவே கூடாது. சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கை பழக்கத்தால் இயங்குவது.

தவணை நடு விடுமுறை திருத்தும் கைக்கு. எழுதி முடித்த கதை குறைந்தது இரண்டு வாரம் கிடந்திருக்க வேண்டும். அச்சடித்து, வரிக்கு வரி இடம் விட்டு, பழைய புல்ஸ்காப் மாதிரி, பென்சிலோடு உட்காருங்கள். முதலில் பென்சிலைத் தொடாமல் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சுத் திணறும் வாக்கியங்கள் தாமாகவே காட்டிக்கொடுக்கும்.

ஆசிரியரின் கதையில் வரும் பிழைகளில் முக்கியமானது ஒன்றுதான். வகுப்பில் ஒரு விடயத்தை மூன்று முறை சொல்கிறோம்: சொல்லப்போவதைச் சொல்லி, சொல்லி, சொன்னதைச் சொல்லி. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு அது தேவை. கதை வாசகருக்குத் தேவையில்லை. இப்படி ஒரு பந்தியைப் பாருங்கள்:

'அம்மா மிகுந்த கவலையோடு வாசலில் நின்றாள். ஏனென்றால் மகன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அவளுடைய தாய் மனம் பதைபதைத்தது.'

பிழையில்லாத தமிழ். கட்டுரைக் கொப்பியில் நல்ல புள்ளி வாங்கும். 'ஏனென்றால்' என்பதற்குக் கீழே பென்சிலால் கோடிடுங்கள். 'மிகுந்த', 'தாய் மனம்' இரண்டுக்கும் கீழேயும். இந்த மூன்றும் வாசகருக்குப் பாடம் நடத்துகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த வீட்டில் அந்த இரவில் கண்ணுக்குத் தெரிவது என்ன என்று பாருங்கள்:

'இரவு ஒன்பது மணிக்கும் அம்மா படலையைக் கொளுவவில்லை.'

எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒருவருக்கு இந்த ஒரு வரி போதும். மகன், கவலை, காலம் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஒரு கதையில் 'ஏனென்றால்', 'ஆகவே', 'உண்மையில்' என்ற சொற்களை எண்ணிப் பார்த்தாலே எங்கே பாடம் நடத்தியிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். முடிவுப் பந்தியை மூடிவிட்டு வாசித்துப் பாருங்கள், பெரும்பாலான கதை அதற்கு முந்திய பந்தியிலேயே முடிந்திருக்கும்.

வெளிநாட்டில் இருந்து தமிழில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு தடங்கலும் இருக்கிறது. நமது பேச்சுத்தமிழ் நாம் ஊரை விட்ட வருடத்தோடு நின்றுவிட்டது. இன்றைய சாவகச்சேரிப் பையனைக் கதையில் பேசவிட்டால் அவன் 1985இன் வாயால் பேசுவான். கதையின் காலத்தையே 1985இல் வைப்பது ஒரு வழி. அல்லது ஊரிலுள்ள இளம் உறவினர் ஒருவருக்கு உரையாடல் வரிகளை மட்டும் அனுப்பி, 'நீ என்றால் இதை எப்படிச் சொல்லுவாய்?' என்று கேட்க வேண்டும். முழுக்கதையையும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் மரியாதைக்கு 'நல்லாயிருக்கு' என்று பதில் வரும், வேண்டிய திருத்தம் வராது.

எழுத்துப்பிழை பற்றி வெட்கப்படத் தேவையில்லை, கை விட்டுப்போனால் எல்லோருக்கும் வரும். ற, ர மயக்கத்தை விடச் சந்திப் பிழைதான் கூட. அந்த, இந்த என்பவற்றின் பின்னும், ஐ, கு உருபுகளின் பின்னும் வல்லினம் மிகும்: அந்தப் பையன், கதவைத் திற, வீட்டுக்குப் போ. 'ஒரு' என்பதன் பின் மிகாது. இந்த அளவு நினைவிருந்தாலே கண்ணில் படும் பிழையில் பெரும்பகுதி குறையும். இதையும் கடைசிப் படியில் பாருங்கள், காலையில் அல்ல.

மாணவரைக் கதைக்குள் கொண்டுவருவதில் நான் மிகக் கண்டிப்பு. பெயரை மாற்றினால் போதாது. ஒரு பிள்ளை உங்களை நம்பிச் சொன்ன வீட்டுச் செய்தி அந்தப் பிள்ளையுடையது. அதை எந்த உருவத்திலும் தொடவேண்டாம். வகுப்பறைக் கதை எழுதத்தான் வேண்டும் என்றால் ஆசிரியர் அறையை எழுதலாம், நாம் மாணவராக இருந்த வகுப்பை எழுதலாம். உரிமை விடயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வேலையின் பகுதியாக ஆக்கிய பாடக்குறிப்புகள் வேலை தருபவருக்கு உரியவை. காலையில் வீட்டு மேசையில் எழுதிய கதை உங்களுடையது. பள்ளிக் கணினியில், பள்ளி மின்னஞ்சலில் மட்டும் அதை வைத்திருக்காதீர்கள்.

மூன்றாவது கை, படியெடுப்பது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் நிறைய. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கதை ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றியே அனுப்புங்கள். மாற்றியபின் முழுதும் வாசிக்க வேண்டும். பாமினியில் நிறுத்தக்குறி விசைகள் சில தமிழ் எழுத்துக்குப் போய்விட்டதால் மேற்கோள் குறிகள் இடம்மாறி வரும். நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழ் எழுத்தாகிவிடும். கோப்போடு பீடிஎஃப் பிரதி ஒன்றையும் இணைத்தால் சஞ்சிகை ஆசிரியர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீலாவணன், மு. தளையசிங்கம், எஸ். பொன்னுத்துரை எல்லோரும் படிப்பித்துக்கொண்டே எழுதியவர்கள்தான். ஈழத்தில் ஆசிரியர் எழுதுவது புதினமல்ல. தாம் அந்தக் காலத்தில் என்ன எழுதினோம் என்பதே மறந்துபோனவர்கள் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் கல்லூரி மலர்களைத் தேடிப் பார்க்கலாம். ரோணியோ இதழ்கள் அங்கே அரிது. யாருடைய பெட்டியிலாவது நம் மன்றச் சஞ்சிகை இருந்தால், கம்பி ஊசியைக் கழற்றி, பக்கத்துக்குப் பின் ஒரு கறுப்புத் தாள் வைத்து வருடுங்கள். பின்பக்க மை தெரியாது, சுழிகளில் விட்ட அந்த மயிரிழை இடைவெளியும் துலக்கமாக வரும்.