2பி கோப்போடு லேப்டாப் கடைக்குப் போனேன்

மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சப்ளையர்கள் ஜிஎஸ்டி போர்ட்டலில் காட்டிய பில்களின் பட்டியல், வந்துவிடும். 20-ஆம் தேதிக்குள் மாத ஜிஎஸ்டி கணக்கான 3பி போட்டாக வேண்டும். நடுவில் கிடைக்கும் ஆறு நாளில்தான் எங்களைப் போன்ற வரி ஆலோசகர்களின் மாதமே இருக்கிறது. திருப்பூரில் ஒரு நடுத்தர கார்மென்ட்ஸ் யூனிட் என்றாலே நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், எம்ப்ராய்டரி, பட்டன், அட்டைப்பெட்டி என்று கொள்முதல் பில் ஆயிரக்கணக்கில் சேரும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் நாங்கள் ஏற்றியதும் 2பியில் வந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சப்ளையர் ‘0045’ என்று பில் எண் போட்டிருப்பார், நாங்கள் ‘45’ என்று ஏற்றியிருப்போம். இந்த மாதிரி விஷயங்களைப் பிடிக்க எங்களிடம் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு எக்செல் மேக்ரோ இருக்கிறது. ஏழாயிரம் வரிசை (ரோ) உள்ள ஒரு பார்ட்டிக்கு அதை ஓடவிட்டால் பழைய லேப்டாப்பில் நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓட்டுகிறோம் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அலுவலகத்தில் இருந்த மூன்று லேப்டாப்பும் 2017-இல் வாங்கியவை. மூன்றிலும் கோர் ஐ5-7200யு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் முன்பே சொல்லியிருந்தது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் எங்கள் சிப் இல்லை. கட்சிக்காரர்களின் போர்ட்டல் பாஸ்வேர்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கிற மிஷினைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் இணையத்தில் வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகஸ்ட் 20-ஆம் தேதி 3பி முடித்த மறுநாளே கோயம்புத்தூர் கிளம்பினேன்.

போவதற்கு முன் நானும் என் உதவியாளரும் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். மேக்ரோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். மொத்த பிராசசர் உபயோகம் முழுசாக ஏறவே இல்லை. விசாரித்தபோதுதான் புரிந்தது: எக்செல்லில் விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோ ஒரே திரெட்டில்தான், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத்தான், ஓடும். சிப்புக்குள் கணக்குப் போடும் கோர் எட்டு இருந்தாலும் பத்து இருந்தாலும் அந்த நேரத்தில் பாரம் சுமப்பது ஒன்றுதான். ஆகவே எனக்குத் தேவை நிறைய கோர் அல்ல, வேகமான கோர். இந்த ஒன்று தெரிந்திருந்ததால்தான் கடையில் என்னால் நிதானமாக நிற்க முடிந்தது.

காந்திபுரத்தில் முதல் கடையில் மேக்ரோவை ஓட்டிப் பார்க்க பென் டிரைவ் போடவே விடவில்லை. “ஐ5-ங்க மேடம், எல்லாம் ஒண்ணுதான்” என்றார்கள். எல்லாம் ஒன்றில்லை. ஐ5-1335யு என்றால் வேகமான பெர்ஃபார்மன்ஸ் கோர் இரண்டு, சிக்கன கோர் எட்டு. ஐ5-13420எச் என்றால் வேகமானவை நாலு, சிக்கனமானவை நாலு. கடைசியில் வரும் யு, எச் என்ற எழுத்துதான் அது எவ்வளவு மின்சாரம் தின்னும், எவ்வளவு சூடாகும் என்பதற்கு அடையாளம். யு வகைக்கு அடிப்படை 15 வாட், எச் வகைக்கு 45 வாட். ஏஎம்டி பக்கம் போனால், ரைசன் 7000 வரிசையில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருக்கும். ஆனால் முன்னதில் ‘2’ என்பது ஜென் 2 வடிவமைப்பு, நாலு கோர். பின்னதில் ‘3’ என்பது ஜென் 3, ஆறு கோர். இன்டெலோ இப்போது ‘ஐ’யையே எடுத்துவிட்டு கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பெயர் வைக்கிறது. கோர் 5 120யு பெயரில்தான் புதுசு. உள்ளே 1335யு மாதிரியே இரண்டு, எட்டு.

இரண்டாவது கடையில் ஒரு தம்பி இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “போட்டுப் பாருங்க்கா, அதுக்கென்ன” என்று நாலு லேப்டாப்பைத் திறந்து வைத்தார். அந்தத் தம்பிக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். பார்ட்டி பெயர், ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் மாற்றி எழுதிய ஒரு 2பி கோப்பைத் தயார் செய்து வைத்திருந்தேன். கட்சிக்காரரின் அசல் கோப்பைக் கடை மிஷினில் திறப்பது தப்பு. போனில் நேரம் வைத்து ஓட்டினோம். 7520யுவில் மூன்று நிமிஷத்தை ஒட்டி வந்தது. 7530யுவில் இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். 1335யுவும் 13420எச்சும் இரண்டு நிமிஷத்துக்குள். அந்த இரண்டுக்கும் இடையில் சில வினாடிதான் வித்தியாசம். எச் வகை என்றால் பறக்கும் என்று நினைத்திருந்த என் உதவியாளருக்கு ஏமாற்றம். ஒரே கோர் ஓடுகிற வேலையில் அது தன் பலத்தைக் காட்ட இடமே இல்லை.

அடுத்து செய்ததுதான் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, இடைவெளி விடாமல் ஐந்து தடவை ஓட்டினோம். கடையில் இருந்த இரண்டு 1335யு லேப்டாப்பில் மெலிசானது மூன்றாவது தடவையிலேயே தளர்ந்தது, அடிப்பக்கம் மடியில் வைக்க முடியாத சூடு. கொஞ்சம் தடிமனானது கடைசி வரை ஏறக்குறைய அதே நேரத்தில் முடித்தது. சிப் ஒன்று, நேரம் வேறு. அந்தச் சிப் சிறிது நேரத்துக்கு 55 வாட் வரை இழுக்கலாம் என்பது இன்டெல் கொடுக்கும் வரம்பு. எவ்வளவு நேரம் இழுக்க விடுவது என்பதை லேப்டாப் செய்கிறவர் சூட்டை வெளியேற்ற வைக்கிற ஃபேனும் ஹீட் சிங்க்கும் தீர்மானிக்கின்றன. சித்திரை வெயிலில் டையிங் யூனிட் ஆபீஸில் ஆடிட் பார்க்க உட்காருகிற எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்தத் தம்பி ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப் ஒன்றையும் காட்டினார். சார்ஜ் நாள் முழுக்க நிற்கும் என்றதும் சபலம் வந்தது. அது ஏஆர்எம் சிப், இன்டெல், ஏஎம்டி சிப்பிலிருந்து வேறு வகை. சாதாரண விண்டோஸ் மென்பொருளை எமுலேஷன் (பழைய சிப்பைப் போல நடிப்பது) மூலம் ஓட்டிவிடும். ஆனால் கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களுக்கு அந்த வசதி கிடையாது, அவை ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். நான் கையெழுத்துப் போடுவதே யுஎஸ்பியில் செருகும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனில். அது ஏறவில்லை என்றால் 20-ஆம் தேதி இரவு நான் என்ன செய்வேன்? வேண்டாம் என்றேன். மேக்புக் ஏரைப் பற்றி அண்ணன் மகன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல மிஷின், ஃபேனே இல்லாமல் ஓடுகிறது. ஆனால் டேலி விண்டோஸுக்கானது. என் பேச்சு அதோடு முடிந்தது. ‘ஏஐ லேப்டாப்’ என்று கோர் அல்ட்ரா 5 125யுவும் வந்தது. மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் என்று சொல்லும் வகைக்கு ஏஐ வேலைக்கென்றே உள்ள என்பியு என்ற பகுதி 40 டாப்ஸ் (வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) திறனோடு வேண்டும், இதில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

கடைசியில் மூன்றும் தடிமனான அந்த 1335யு மாடலே, 16 ஜிபி ராமோடு. ராம் விஷயத்தில் நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவள். மூன்று வருஷம் முன்பு வீட்டுக்கு வாங்கிய ஒன்றில் 8 ஜிபியைப் போர்டிலேயே ஒட்டியிருந்தார்கள், கூட்ட வழியில்லை. டேலி, எக்செல், பிரௌசரில் மூன்று போர்ட்டல் திறந்தால் மூச்சு வாங்கும். இந்த முறை இரண்டு ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு, 8 ஜிபி இரண்டாகப் போட்டு வாங்கினேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மிஷினில் திரைக்கும் இதே ராம்தான் பங்கு, ஜோடியாக இருந்தால் அதற்கும் நல்லது.

பி.காம். படிக்கும் மகளுக்கும் ஒன்று தேவைப்பட்டது. அங்கேயும் எண்ணிக்கை ஏமாற்றப் பார்த்தது. ஐ3-என்305-இல் எட்டு கோர், ஐ3-1215யுவில் ஆறுதான். ஆனால் என்305-இல் எட்டும் சிக்கன கோர். 1215யுவில் இரண்டு வேகமானவை உண்டு. ஆன்லைன் வகுப்பு, அசைன்மென்ட், படம் பார்ப்பது மட்டும் என்றால் என்305-ஏ தாராளம், சூடும் குறைவு. மகள் டேலியும் எக்செல்லும் கற்கப் போகிறவள் என்பதால் 1215யு எடுத்தேன்.

பில்லில் ஜிஎஸ்டி எண் போட்டு வாங்கினால் அலுவலக லேப்டாப்புக்கு 18 சதவீத வரியை, நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, கிரெடிட் எடுக்கலாம். அப்படி எடுத்த வரித் தொகைக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் கேட்கக் கூடாது. கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான் கிடைக்கும். ஆகஸ்டிலேயே வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

செப்டம்பர் 2பி வந்த அன்று அதே ஏழாயிரம் வரிசை பார்ட்டியை ஓட்டினோம். ஒன்றே முக்கால் நிமிஷம். பழைய மூன்றில் இரண்டின் எஸ்எஸ்டியைக் கழற்றி பேக்கப்புக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன், கட்சிக்காரர் டேட்டாவோடு எதையும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை. மூன்றாவது மட்டும் நெட் இணைப்பு இல்லாமல் மூலை மேஜையில் இருக்கிறது, பழைய வருஷத்து டேலி கணக்குப் பார்க்க.