புளியங்கொட்டையில் பின்லாந்துப் போர்: நான்காவது பலகை வரை

தாயம் ஆடுவதற்காக உரசி வைத்த புளியங்கொட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் செம்பழுப்பு, மறுபக்கம் வெள்ளை. 1918இல் பின்லாந்து உள்நாட்டுப் போரில் மோதிக்கொண்ட இரண்டு தரப்புக்கும் பெயர் அதேதான்: சிவப்பு, வெள்ளை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்த ஒற்றுமை மண்டையில் ஏறியது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் உருப்படியாகப் போகவில்லை.

பின்லாந்துப் பைத்தியம் பிடித்தது அதற்கும் முன்னால். மச்சான் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் சில வருடம் வேலை பார்த்தவர். நோக்கியா என்பது ஒரு ஊரின் பெயர் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். சரி, எங்கே இருக்கிறது பார்ப்போம் என்று வரைபடத்தைத் திறந்தால், தம்பெரே என்ற நகரத்தை ஒட்டி இருக்கிறது. தம்பெரே பஞ்சாலை நகரம். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிற மாதிரி அதைப் பின்லாந்தின் மான்செஸ்டர் என்பார்கள். அந்த ஊரைப் பற்றிப் படிக்கப் போனவன் 1918 ஏப்ரலில் போய் விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதல் உலகப் போருக்கும் ரஷ்யப் புரட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால் இந்தப் போர் யார் கண்ணிலும் படுவதில்லை. ஜனவரி 27இல் தொடங்கி மே 15இல் முடிந்துவிட்டது. மூன்றரை மாதம்தான். ஆனால் முப்பது லட்சம் பேர் கொண்ட நாட்டில் 36,000 பேருக்கு மேல் செத்தார்கள். நூறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்து அதுவரை ரஷ்ய ஜாரின் கீழ் இருந்த நாடு. ஜார் ஆட்சி விழுந்ததும் அங்கே போலீஸ் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. உணவுத் தட்டுப்பாடு வேறு. தொழிலாளர்கள் ஒரு காவல்படை வைத்துக்கொண்டார்கள், அது சிவப்பு. வசதியுள்ளவர்களும் சொந்த நிலக்காரர்களும் இன்னொன்று, அது வெள்ளை. 1917 டிசம்பர் 6இல் சுதந்திரம் வந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஹெல்சின்கியில் தொழிலாளர் மாளிகைக் கோபுரத்தில் சிவப்பு விளக்கு ஏறியது. புரட்சி தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தெற்கும் பெரிய நகரங்களும் சிவப்பு அணியிடம். வடக்கு, வாசா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, தளபதி மன்னர்ஹெய்ம் தலைமையில் வெள்ளை அணியிடம். ("வெள்ளையர்" என்று எழுதினால் நம் ஆட்களுக்கு வேறு யாரோ ஞாபகம் வருவார்கள். அதனால் அணி என்றே எழுதுகிறேன்.)

இதை ஒரு பலகை ஆட்டமாக ஆடிப் பார்த்தால் என்ன? அதுதான் யோசனை. எண்ணிக்கையும் வசதியாக இருந்தது. இரண்டு தரப்பிலும் 80,000லிருந்து 90,000 பேர் வரை திரண்டார்கள். ஒரு கொட்டைக்கு ஆயிரம் பேர் என்று வைத்தால் ஆளுக்கு எண்பது கொட்டை. ஒரு சுற்று ஒரு வாரம். நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தால் மொத்தம் பதினாறு சுற்று.

முதல் பலகை படுதோல்வி. சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, காடு, ஏரி, ஊர் எல்லாம் வண்ணம் தீட்டி அழகாகத்தான் இருந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் வெள்ளை அணி. வாசாவிலிருந்து கொட்டைகளை நேர்கோட்டில் காட்டுக்குள் நகர்த்தி ஆறாவது சுற்றில் ஹெல்சின்கிக்குள் நுழைந்துவிட்டாள். பிப்ரவரி மாதம், முழங்காலுக்கு மேல் பனி, நடுவில் நூற்றுக்கணக்கான ஏரி. அதில் யார் நடந்து போவது? துப்பாக்கி, ரொட்டி, ஆள், அடிபட்டவன் எல்லாமே ரயிலில்தான் போனது. இந்தப் போரே தண்டவாளத்தை ஒட்டி நடந்த போர். கவச ரயில்கள்கூட ஓடின. எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் கட்டம் போடும் ஆசையில் மறந்துவிட்டேன்.

இரண்டாவது பலகைக்கு மரக்கடையிலிருந்து ஒரு பிளைவுட் துண்டு வாங்கி வந்தேன். கட்டமே கிடையாது. ரயில் பாதைகள் மட்டும் கறுப்பு மார்க்கரில். நிலையத்துக்கு ஒரு வட்டம், தண்ணீர் பாட்டில் மூடியை வைத்துச் சுற்றி வரைந்தது. இடம் போதாததால் சின்ன நிலையங்களை விட்டுவிட்டு இருபத்திரண்டு மட்டும் போட்டேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.) கொட்டை வட்டத்திலிருந்து வட்டத்துக்குத்தான் போக முடியும்.

வரைந்து முடித்த அன்றைக்கே, எத்தனை பக்கம் படித்தும் பிடிபடாத ஒன்று பிடிபட்டது. அது ஹாபமாக்கி. தம்பெரேக்கு வடகிழக்கே இருக்கிற ஒரு சந்திப்பு, நம்ம விருத்தாசலம் மாதிரி. வடக்கு தெற்குப் பாதையும் கிழக்கு மேற்குப் பாதையும் அங்கேதான் சேர்கின்றன. அது கையில் இல்லாவிட்டால் வெள்ளை அணியின் மேற்கும் கிழக்கும் தனித்தனியாக அறுந்துபோகும். ஜனவரி முடிவதற்குள் வெள்ளை அணி அதைப் பிடித்துக்கொண்டது. சிவப்பு அணி அதற்குத் தெற்கே வில்புலாவில் மோதிப் பார்த்தது, முடியவில்லை. எங்கள் ஆட்டத்தில் மச்சான் சிவப்பு. வில்புலாவில் இருபது கொட்டையைக் குவித்து நான்கு சுற்று முட்டினார், அவருக்கும் முடியவில்லை. "ஒரே ஒரு ஜங்ஷனுக்கா இந்தப் பாடு?" என்றார். ஆமாம், அதற்குத்தான்.

பகடைக்கு அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை. "தண்டவாளத்துல தாயம் ஆடுற முதல் ஆள் நீதான்டா" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். அப்புறம் அவரே நடுவர் ஆகிவிட்டார்.

மூன்றாவது பலகையில் பலகை மாறவில்லை, விதிகள்தான் மாறின. இரண்டு விதிகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. ஒன்று மஞ்சள் கொட்டை. பின்லாந்து இளைஞர்கள் பலர் உலகப் போர்க் காலத்தில் ரகசியமாக ஜெர்மனிக்குப் போய்ப் போர்ப் பயிற்சி எடுத்திருந்தார்கள். ஜேகர்கள் என்று பெயர். அவர்களில் பெரும்பகுதியினர் பிப்ரவரி 25இல் வாசாவில் வந்து இறங்கினார்கள், அதாவது ஐந்தாவது சுற்று. எண்ணிக்கை எங்கள் கணக்கில் ஒரு கொட்டைதான் தேறும். ஆனால் ஒரு வாரம் முன்புதான் கட்டாயப் படைச்சேர்ப்பு அறிவித்து, பயிற்சியே இல்லாத ஆட்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்த வெள்ளை அணிக்கு, பயிற்சி பெற்ற அதிகாரிகள் என்று இவர்கள் கிடைத்தார்கள். அதனால் ஒரு கொட்டைக்கு மஞ்சள் பூசினேன். அது எந்தக் கூட்டத்தோடு இருக்கிறதோ அந்தக் கூட்டம் இரண்டு முறை உருட்டலாம்.

இன்னொன்று ஓட்டு விதி. சிவப்புக் காவல்படையில் தளபதிகளைப் படைவீரர்களே தேர்ந்தெடுத்தார்கள். மேலிருந்து உத்தரவு வந்தாலும் போகலாமா வேண்டாமா என்று கீழே விவாதம் நடக்கும். ஆகவே சிவப்பு தாக்கும் முன்பு ஒரு கொட்டையைச் சுண்ட வேண்டும். வெள்ளைப் பக்கம் விழுந்தால் அந்தக் கூட்டம் அந்த வாரம் நகராது. மச்சான் மூன்று சுற்று தொடர்ந்து மாட்டினார். "யூனியன் மீட்டிங் மாதிரி இருக்கு" என்று சிரித்தாலும் முகத்தில் எரிச்சல் தெரிந்தது.

பிடிபட்டவர்களை என்ன செய்வது என்பதில்தான் சறுக்கினேன். முதலில் வைத்த விதி சுலபமானது: எதிரியின் கொட்டையைச் சூழ்ந்தால் அதைத் திருப்பிப் போடு, அது உன் ஆள். ஒரு பக்கம் உரசிய புளியங்கொட்டைக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது என்று எனக்கு ஒரே பெருமை. தம்பெரே விழுந்த சுற்றில் மகள் பதினொரு கொட்டையைப் பட் பட்டென்று திருப்பினாள். திருப்பிவிட்டுக் கேட்டாள், "நிஜமாவே இவங்கல்லாம் கட்சி மாறிட்டாங்களாப்பா?"

இல்லை. தம்பெரேயில் சண்டை வீட்டுக்கு வீடு நடந்தது. மார்ச் 28, பெரிய வியாழன் அன்று வெள்ளை அணி நகரைத் தாக்கியது. கலேவன்காங்கஸ் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பக்கமும் ஏராளமாகச் செத்தார்கள். அதே நாளில் சிவப்புத் தளபதி ஹுகோ சல்மேலா தலைமையகத்திலேயே கையெறி குண்டு தவறுதலாக வெடித்து இறந்துபோனார். ஏப்ரல் 6இல் நகரம் சரணடைந்தபோது 11,000 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். மையச் சதுக்கத்தில் அவர்களை நிறுத்தி வைத்திருக்கும் புகைப்படம் இருக்கிறது. சாதாரணக் கோட்டு, சாதாரணத் தொப்பி. யாரும் கட்சி மாறவில்லை. முகாமுக்குப் போனார்கள்.

திருப்பும் விதியை அன்றைக்கே எடுத்துவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்தோம். பிடிபட்ட கொட்டை கிண்ணத்துக்குள்.

அடுத்த ஞாயிறு நடந்தது கூத்து. பத்தாவது சுற்று ரொம்ப முக்கியமானது. தம்பெரே விழுந்த அதே வாரம், ஏப்ரல் 3இல், வெள்ளை அணிக்கு உதவியாக ஜெர்மன் படை தெற்கே ஹாங்கோ துறைமுகத்தில் இறங்கியது. ஏறக்குறைய 10,000 பேர், தலைமை ஃபான் டெர் கோல்ட்ஸ். அவர்களுக்காகப் பத்துப் பச்சைப்பயறு எடுத்து வைத்திருந்தேன். அதை எடுக்க மச்சான் கை நீட்ட, முழங்கை இடித்துப் பலகை கவிழ்ந்தது. நூற்றுச் சொச்சம் கொட்டை தரையெங்கும். எல்லாம் ஒரு பக்கம் உரசியவை. சில சிவப்பாக விழுந்திருந்தன, சில வெள்ளையாக. எது யாருடையது என்று சொல்லவே முடியவில்லை.

"இப்ப யாரு யாருன்னு எப்படிடா கண்டுபிடிப்பே?" என்றார் அம்மா.

அங்கேயும் முழுச் சீருடை இருந்தவர்கள் குறைவு. ஒருவன் கையில் வெள்ளைப்பட்டி, தொப்பியில் ஊசியிலை மரத்தின் சிறு கிளை. இன்னொருவன் கையில் சிவப்புப்பட்டி. பட்டியைக் கழற்றிவிட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி விவசாயிதான். கொட்டைகளைப் பொறுக்கும்போது இதைச் சொன்னேன். அலமாரிக்கு அடியில் உருண்ட இரண்டு பச்சைப்பயறைத் தேடிக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை.

வெள்ளைக் கொட்டைகளை இரண்டு பக்கமும் உரசியாக வேண்டியதாகிவிட்டது. எண்பது கொட்டை, வாசல் சிமென்ட் படியில், இரண்டு ஞாயிறு. உரச உரசக் கொட்டை சுடும், சின்ன வயதில் அதைப் பக்கத்துப் பையன் கையில் வைத்து அலற விட்டிருக்கிறோம். இப்போது சுட்டது என் விரல்தான். நாற்பதாவது கொட்டைக்கு மேல் நகமும் சேர்ந்து தேய்ந்தது.

இதற்கிடையில் ஆட்டத்துக்குப் பெயர் வைக்கப் போய் இன்னொரு சண்டை. பின்லாந்திலேயே இதற்கு ஒரு பெயர் கிடையாது. வென்றவர்கள் விடுதலைப் போர் என்றார்கள், கலகம் என்றும் சொன்னார்கள். தோற்றவர்கள் வர்க்கப் போர் என்றார்கள். சகோதரப் போர் என்றவர்களும் உண்டு. எந்தப் பெயரைச் சொன்னாலும் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். "புளியங்கொட்டைச் சண்டை"ன்னு வை, வம்பே இல்லை என்றாள் மகள். பலகையின் ஓரத்தில் அதுதான் எழுதியிருக்கிறது.

நான்காவது பலகையில் ஆட்டம் நன்றாகவே ஓடுகிறது. ஏப்ரல் 12, 13இல் ஜெர்மானியர்கள் ஹெல்சின்கியைப் பிடித்ததும், 29இல் கிழக்கே வீபுரி விழுந்ததும் ஏறக்குறைய அதே சுற்றுகளில் வருகின்றன. சிவப்பு ஜெயிக்கிற ஆட்டமும் இரண்டு நடந்தது. இரண்டிலும் ஹாபமாக்கியை முதல் சுற்றிலேயே பிடித்திருந்தார் மச்சான். விதி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கிண்ணம் இடிக்கிறது. பதினாறாவது சுற்று முடிந்ததும் மச்சான் கொட்டையை அள்ளப் போவார். நான் நிறுத்தச் சொல்வேன். சண்டையில் செத்த சிவப்பு அணியினர் சுமார் 5,000 பேர். ஐந்து கொட்டை. சண்டைக்கு வெளியே வெள்ளை அணி சுட்டுக் கொன்றவர்கள் 7,000க்கு மேல். (சிவப்பு அணி சுட்டுக் கொன்றவர்களும் 1,600க்கு மேல் உண்டு, அதற்கு ஒன்றரைக் கொட்டை.) போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். அந்தக் கோடையில் பசியிலும் நோயிலும் அங்கே செத்தவர்கள் 12,000க்கு மேல். மன்னர்ஹெய்மின் வெற்றி அணிவகுப்பு மே 16இல் முடிந்துவிட்டது. கிண்ணத்திலிருந்து பன்னிரண்டு கொட்டையை நான் எடுப்பது அதற்கு அப்புறம்.

"ஆட்டம் முடிஞ்சதுக்கப்புறம் எதுக்குப்பா எடுக்கற? அதுக்குப் பாயிண்ட் உண்டா?" என்றாள் மகள். பாயிண்ட் இல்லை. பதினேழாவது சுற்று என்று ஒன்று வைத்து, வென்றவரே தாயக்கட்டை உருட்டிக் கிண்ணத்துக்குச் சோறு போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வைக்கலாமா என யோசிக்கிறேன். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெயிச்சவன் எதுக்கு மாமா மறுபடி உருட்டணும் என்கிறார்.

எப்படியானாலும் முகாம்களைப் பலகையில் குறிக்க வேண்டும் என்று போன வாரம் பட்டியல் எடுத்தேன். லாஹ்தி, ஹாமென்லின்னா, தம்பெரே, வீபுரி எல்லாம் ஏற்கெனவே வட்டம் போட்ட ஊர்கள். ஹெல்சின்கிக்கு எதிரே சுவோமென்லின்னா தீவுக் கோட்டையை ஓரத்தில் சேர்த்துவிட்டேன். மோசமான முகாம் தம்மிசாரி, அங்கே மட்டும் ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். அந்த ஊரைத் தேடினால் ஹாங்கோவிலிருந்து ஜெர்மானியர்கள் ஏறி வந்த அதே பாதையில், ஹாங்கோவுக்கும் காரிஸுக்கும் நடுவில் இருக்கிறது. சின்ன நிலையம் என்று நான் விட்டுவிட்ட ஊர். இரண்டு வட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடம்தான் மிச்சம். பாட்டில் மூடி அங்கே உட்காரவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் இடிக்கிறது. பழைய ஐம்பது காசு ஒன்று அம்மாவின் சுருக்குப்பையில் இருக்குமாம், தேடித் தருகிறேன் என்றிருக்கிறார்.